மூன்று படிகள்

கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும் நம்மைப் போன்றோரின் பைக்குள் எப்போதும் சில மனுக்கள் இருக்கும். கடன் கேட்டு ஒன்று, கூலி நிலுவை பற்றி ஒன்று, பங்குத் தொகையைத் திருப்பிக் கேட்டு ஒன்று. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நம்மிடம் வந்த மனு ஒன்றும் அவ்வாறு முடிந்துவிடக் கூடியதாகவே தோன்றியது.

குடியாத்தம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் நெசவாளர் சங்கத்திலிருந்து வந்த மனு அது. "என் தகப்பனார் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலற்றவராகிவிட்டபடியால், அவர் பெயரை அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவருடைய பங்கையும் தறிக் கணக்கையும் என் பெயருக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்" என்று மகன் எழுதியிருந்தார். மகனின் கையெழுத்து இருந்தது. தகப்பனாரின் கையெழுத்து இல்லை.

இடுப்புக்குக் கீழ் செயலற்றவர் என்றால் கைகள் நன்றாக இருக்க வேண்டுமே, பின் ஏன் கையெழுத்திடவில்லை என்று காரியதரிசியை வினவினோம். "அவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் ஐயா. பார்த்து என்ன ஆகப் போகிறது? பாவம், பையன்தான் குடும்பத்தைத் தாங்குகிறான்" என்றார் அவர். ஆயினும் பதிவேட்டிலிருந்து ஒருவர் பெயரை நீக்குவது சிறிய காரியமன்று. ஆகவே நேரிலேயே பார்த்துவிடுவது என்று காரியதரிசியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வீட்டில் கண்டது

நாட்டு ஓடு வேய்ந்த வீடு. முன் கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் மகன் லுங்கி நெய்துகொண்டிருந்தார். மற்றொன்றில் ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மையார் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். சன்னல் ஓரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து, மரத்தாங்கி ஒன்றின்மேல் உயர்த்தி வைக்கப்பட்ட ராட்டினத்தை வலக்கையால் சுற்றி, இடக்கையால் நூலைப் பிடித்துத் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், காரியதரிசி படுக்கையில் கிடப்பதாகக் கூறிய அதே அங்கத்தினர்! காரியதரிசியின் முகத்தை நாம் பார்க்கவில்லை. அவரும் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாருங்கள் ஐயா, உட்காருங்கள்" என்று வரவேற்றவர், நாம் உட்காருமுன் நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றித் தம் உடலை ஒரு சாண் உயரத் தூக்கினார். அரை நிமிடம் அவ்வாறே நின்றார். பிறகு மெல்ல இறக்கினார். நமக்கு மரியாதை செய்ய எழ முயல்கிறாரோ என எண்ணி, "வேண்டாம், வேண்டாம்" என்று பதறினோம். அவர் சிரித்துவிட்டார். "இது உங்களுக்காக அல்ல ஐயா, என் தோலுக்காக. நான்கு தார் சுற்றினால் ஒரு முறை எழும்ப வேண்டும் என்பது கணக்கு" என்றார்.

அந்தக் கணக்கை அறிந்துகொள்ள நாம் அன்று பகல் முழுவதும் அவ்வீட்டில் இருக்க நேர்ந்தது. நம் வாசகர்களில் தறியில் அமர்வோரும் உண்டு, தென்னையும் பனையும் ஏறுவோரும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

விழுந்த அன்று

2022-ஆம் ஆண்டு தை மாதத்தில், வீட்டின் பின்புறமிருந்த தென்னைகளில் ஒன்றில் காய் பறிக்க ஏறியவர், மட்டை முறிந்து சுமார் முப்பதடி உயரத்திலிருந்து விழுந்தார். நினைவு தப்பவில்லை. கால்கள் மட்டும் தம்முடையவை அல்ல என்பதுபோல் கிடந்தன. கூக்குரல் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தார், ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் மடக்கி உட்கார வைத்து நகரத்திற்குக் கொண்டு சென்றனர். அன்பினால் செய்ததுதான். ஆனால் முதுகெலும்பு முறிந்த ஒருவருக்கு இதைவிடத் தீங்கானது வேறில்லை. முறிந்த எலும்பின் முனை, அதுவரை நசுங்காமல் தப்பியிருந்த நரம்பையும் அந்தச் சில நிமிடங்களில் நசுக்கிவிடக் கூடும்.

உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்கலாகாது, மடக்கலாகாது. கழுத்தைத் திருப்பலாகாது. 108-க்குத் தொலைபேசி செய்து, வண்டி வரும்வரை அவரை அசையாமல் கிடத்தி, தலையை இருபுறமும் கைகளால் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். அவரை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நான்கைந்து பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி புரட்டி, ஒரு பலகையின்மேலோ கதவின்மேலோ கிடத்தியே எடுக்க வேண்டும். இதை மரம் ஏறுவோர் உள்ள ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேராவது அறிந்திருத்தல் அவசியம்.

அறுந்த பாவும் அறுந்த நரம்பும்

முதுகெலும்பு கழுத்தில் ஏழு, மார்பின் பின்புறம் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என எலும்புக் கணுக்கள் அடுக்கப்பட்டு அமைந்தது. அதன் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிய கணுக்கள். இவ்வடுக்கின் நடுத்துளை வழியே மூளையிலிருந்து இறங்குகிறது தண்டுவடம் எனும் நரம்புக் கற்றை. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அடி, தடிப்பு சுண்டுவிரலளவு. காலை அசை என்று மூளை இடும் கட்டளை கீழே செல்வதும், காலில் முள் குத்தியது என்னும் செய்தி மேலே வருவதும் இக்கற்றை வழியாகத்தான். எந்தக் கணுவில் அது நசுங்குகிறதோ, அதற்குக் கீழுள்ள பகுதிகளே செயலிழக்கும். கழுத்தில் நசுங்கினால் கைகளும் போகும். நம் அங்கத்தினருக்கு அடிபட்டது மார்புக் கணுக்களின் கடைசியில். ஆகவே கைகளும் மூச்சும் தப்பின. கால்களும், சிறுநீர் மலம் இவற்றின் கட்டுப்பாடும் போயின.

நெசவாளருக்கு ஓர் உவமை சொன்னால் விளங்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறோம். தண்டுவடத்தில் அறுந்த இழையைப் பிணைக்கும் வித்தை இன்றுவரை மருத்துவத்திற்குக் கைவரவில்லை. அறுவை செய்து கம்பியும் திருகாணியும் வைப்பது எலும்பை நிலைநிறுத்துவதற்கும் நரம்பின்மேலுள்ள அழுத்தத்தை நீக்குவதற்குமே. முற்றிலும் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் ஓரளவு உணர்வும் அசைவும் திரும்பலாம். அவ்வாறு திரும்புவதில் பெரும்பகுதி முதற் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். நம் அங்கத்தினருக்குத் தொடையின் மேற்பகுதியில் சிறிது உணர்வு திரும்பியது. கால்கள் திரும்பவில்லை. இதை மறைத்து, "நடந்துவிடுவார், நடந்துவிடுவார்" என்று ஆறுதல் கூறி எண்ணெய்க்கும் மந்திரத்திற்கும் பணத்தை இறைக்கும் குடும்பங்கள் பல. இந்த வீட்டிலும் முதல் நான்கு மாதங்கள் அவ்வாறே கழிந்தன.

அன்பு போதவில்லை

அந்த நான்கு மாதங்களைப் பற்றி அம்மையார் நம்மிடம் கூறியதை அப்படியே தருகிறோம்.

"அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருந்தோம் ஐயா. விசிறினோம், ஊட்டினோம், அழுதோம். ஒருவரும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத்தான் உணர்வே இல்லையே! ஒரு நாள் துணி மாற்றும்போது பார்த்தேன். முதுகின் கீழே என் உள்ளங்கை அளவுக்குப் புண். அவ்வளவு பேர் பக்கத்திலிருந்தும் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிட்டது."

நாம் நெடுநேரம் ஒரே இடத்தில் அமர்ந்தால் நம்மை அறியாமலேயே அசைந்து கொள்கிறோம். உடலின் கனம் எலும்புக்கும் பாய்க்கும் இடையே தோலை நசுக்கி இரத்தத்தை நிறுத்துவதை உணர்வு நமக்கு அறிவிக்கிறது. அறிவிப்பு வராதவரின் தோல் சில மணி நேரத்திலேயே உயிரற்றுப் போகத் தொடங்கும். இடுப்பின் பின்புறம், அமரும் எலும்பு, குதிகால், தொடையின் பக்கம் ஆகியவை ஆபத்தான இடங்கள். செம்மை படர்ந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை.

இரண்டாவது பகை சிறுநீர். பிறர் துடைக்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தால் நம் அங்கத்தினர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சிறுநீர் தேங்கி நஞ்சாகிக் குளிர்காய்ச்சல் வந்தது. சோற்றை ஒதுக்கினார், பேச்சை ஒதுக்கினார். ஒரு நாள் மகளிடம், "தென்னை இன்னும் பத்தடி உயரமாக இருந்திருக்கலாம்" என்றாராம். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அச்சிறுமி அதை எவரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அன்றிரவே வேலூருக்குப் போவது என்று முடிவாயிற்று.

பாகாயத்தில் கற்றது

வேலூரை அடுத்த பாகாயத்திலுள்ள மறுவாழ்வு நிலையத்தின் வரலாறே நம்பிக்கை ஊட்டுவது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவத் தொழிலே முடிந்தது என்று பலரும் எண்ணியிருக்க, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்து நிமிர்த்தினார். பின் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. அவர் 1986-இல் மறைந்தார். நிலையம் இன்றும் பணியாற்றி வருகிறது.

அங்கே நம் அங்கத்தினருடன் அவர் மனைவியும் தங்கினார். நோயாளியைப் போலவே வீட்டாரும் அங்கே மாணாக்கர். புண்ணை ஆற்றிய பின், கைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல், கண்ணாடி பிடித்துத் தம் முதுகைத் தாமே பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. சிறு குழாயைக் கொண்டு நாளில் நான்கு முதல் ஆறு முறை தாமே சிறுநீரை வெளியேற்றிக் கொள்ளவும் அங்கே கற்றார். இதில் முக்கியமானது கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது. "அந்தக் குழாயை என் கையிலேயே கொடுத்த அன்றுதான் ஐயா, எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகு தண்ணீரை வெட்கமின்றிக் குடித்தேன்" என்றார் அவர்.

மூன்று மாதம் கழித்து வீடு திரும்பியபோது குடும்பம் கொண்டு வந்த செல்வம் ஒரு காகிதம். சங்கம் வழங்கிய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மகள் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை நாமும் பார்த்தோம். இரவு பத்து மணிப் புரட்டல் அம்மா. பன்னிரண்டு மணி அம்மா. இரண்டு மணி அண்ணன். நான்கு மணி அண்ணன். ஆறு மணிக்குத் தோல் பார்த்தல் மகள். காலையிலும் மாலையிலும் கால் மூட்டுகளை மடக்கி நீட்டுதல், விறைத்துவிடாதிருக்க. மலம் கழிக்க நாள்தோறும் ஒரே நேரம். ஒவ்வொரு கட்டத்திலும் செய்தவர் கையெழுத்து! தணிக்கை செய்து பழகிய நம் கண்களுக்கு இதைவிட ஒழுங்கான பதிவேடு எந்தச் சங்கத்திலும் பட்டதில்லை.

இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுதல் என்னும் இவ்விதி எளிதில் கிடைத்ததன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் முதுகுத் தண்டில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர் நஞ்சாலும் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி நடத்திக் காட்டினார். அத்தோடு நில்லாமல், அவர்களைத் தொழிலிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தினார். 1948-இல் அவர் பதினாறு பேரைக் கொண்டு நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னர் பாராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தது. புரட்டுதலும் தொழிலும் அவருக்கு ஒரே மருந்தின் இரு பாகங்கள்.

இடம் மாறிய வேலைகள்

அந்த இரண்டாம் பாகம் இவ்வீட்டில் எவ்வாறு வந்தது என்பதே நாம் மிகவும் வியந்தது.

குழித்தறிக்குக் காலே உயிர். குழிக்குள் கால் மிதித்தால்தான் பாவு பிரியும், பிரிந்தால்தான் நாடா ஓடும். ஆகவே குடும்பத்தலைவரின் தறி ஓராண்டுக்கு மேல் ஓடாமல் கிடந்தது. அதை விற்றுவிடலாம் என்று உறவினர் கூறினர். அப்போது அம்மையார், "இருபத்தைந்து வருடம் அவருக்குத் தார் சுற்றிப் போட்டேன். இனி அவர் சுற்றட்டும், நான் நெய்கிறேன்" என்றார். தரையில் இருந்த ராட்டினத்தைத் தச்சர் ஒருவர் நாற்காலியின் உயரத்திற்குத் தாங்கி செய்து ஏற்றிக் கொடுத்தார். அம்மையார் முதன்முறையாகக் குழியில் கால் வைத்தார்.

"முதல் மாதம் நான் நெய்தது துணியே அல்ல ஐயா" என்றார் அவர். ஆனால் சன்னலோரம் அமர்ந்திருந்தவர் கண்ணால் பாராமலே தறியின் ஓசையைக் கொண்டு தவற்றைச் சொல்லிவிடுவார். "இடக்கால் முந்துகிறது... நாடா மோதுகிறது... நிறுத்து, இழை அறுந்தது." கால்களில் இல்லாத நெசவு அவர் காதுகளில் இருந்தது. இரண்டே மாதங்களில் சங்கம் ஏற்கும் தரத்தில் லுங்கி இறங்கியது. வரும் கூலி முன்போல் இல்லை. ஆயினும் தறி ஓடுகிறது. வீட்டில் ஓசை இருக்கிறது.

ஒன்றை மட்டும் அம்மையார் எச்சரித்தார். உணர்வற்ற கால்மேல் சூடான தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டால் தோல் வெந்தாலும் தெரியாது. கஞ்சிப் பானை, அடுப்பு, வெயிலில் காய்ந்த இரும்பு ஆகியவை அருகே கால் படலாகாது.

மனுவின் காரணம்

இவ்வளவும் கேட்ட பிறகு நம் பையிலிருந்த மனுவை வெளியே எடுக்கவே நாணமாக இருந்தது. ஆயினும் கடமை. எடுத்துப் படித்தோம். அறையில் தறிகள் இரண்டும் நின்றன. அங்கத்தினருக்கு அம்மனுவைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

"செயலற்றவர்" என்ற சொல்லை அவர் ஒரு முறை தாமே சொல்லிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஏனப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மகன் தலை குனிந்தபடி பேசினார். "உங்களை நீக்க வேண்டும் என்று இல்லை அப்பா. நூல் வாங்குபவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று போன வருடத் தணிக்கையில் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு உங்கள் பாஸ் புத்தகத்தைக் கொண்டு போனால் நூல் கொடுப்பதில்லை. அலுவலகத்திற்கு மூன்று படி. உங்களை ஒரு முறை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போனோமே, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க... அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. இனி ஒரு முறை உங்களை அப்படிக் கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் எழுதினேன்."

போன வருடத் தணிக்கையில் அதை எழுதியவர் யார்? நாமே! பினாமிகள் நூல் பெறுவதைத் தடுக்க நல்லெண்ணத்தோடு எழுதிய குறிப்பு. அந்த அலுவலகத்தின் மூன்று படிகளில் நாம் ஏறி இறங்கியது எத்தனை முறை என்பதற்குக் கணக்கில்லை. அவை படிகள் என்பதே நம் கண்ணில் பட்டதில்லை. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும் மகன், தந்தையின் பெயரை நீக்குமாறு கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டு வந்தது கல்நெஞ்சம் அன்று. ஒன்றரை அடி உயரமும், நம் பேனாவும்.

அங்கத்தினர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தூக்க நீ வெட்கப்படவில்லை. தூக்கப்பட நான் வெட்கப்பட்டேன். அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் நீ இதை எழுதியிருக்க மாட்டாய்" என்றார். நம் பக்கம் திரும்பி, "ஐயா, பையனையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெயரை அடிக்க வேண்டாம்" என்றார்.

சட்டமும் அவர் பக்கமே. வாரிசு உரிமை அங்கத்தினர் இறந்த பிறகு எழுவது, கால் இழந்ததால் எழுவதன்று. ஊனமுற்றோர் தம் சொத்தையும் பொருளாதாரக் காரியங்களையும் மற்றவர்களைப் போலவே தாமே நடத்திக்கொள்ளும் உரிமை உடையவர் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. மனுவை மகனே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சங்கம் செய்தது

அடுத்த வாரமே நிர்வாகக் குழு கூடியது. நம் குறிப்பை நாமே திருத்தி, வர இயலாத அங்கத்தினர் வீட்டிற்குச் சங்க ஊழியர் சென்று கையெழுத்துப் பெறலாம் என்று எழுதினோம். ஆனால் அங்கத்தினர் அதில் திருப்தி அடையவில்லை. "வீட்டிற்கு நூல் வருவது உபகாரம். நான் சங்கத்திற்கு வருவது உரிமை" என்று சொல்லி அனுப்பினார். ஆகவே சாய்தளம் அமைக்கத் தீர்மானமாயிற்று.

சாய்தளத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். மூன்று படிகள் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். ஆகவே பதினெட்டடி நீளச் சரிவு. இடம் மிச்சம் பிடிக்க ஆறடியில் முடித்தால் அதில் ஏறுபவர் பின்னால் கவிழ்வார். செங்கல்லையும் மணலையும் சங்கம் வாங்கியது. வேலையை அங்கத்தினர்கள் முறை வைத்துச் செய்தனர். ஐப்பசியில் பணி முடிந்தது. நாம் எதிர்பாராத ஒன்றையும் கண்டோம். பாவுக் கட்டும் நூல் மூட்டையும் தள்ளுவண்டியில் ஏற இப்போது அந்தச் சரிவே பயன்படுகிறது. முழங்கால் வலியுள்ள முதிய நெசவாளர்களும் படியை விட்டுவிட்டு அதிலேயே வருகின்றனர்.

மற்றொரு தீர்மானமும் நிறைவேறியது. ஓராண்டுக்கு மேலாக ஒரு நாளும் முழு இரவு உறங்காத தாய்க்கும் மகனுக்கும் ஓய்வளிக்க, வாரத்தில் ஓர் இரவு அக்கம்பக்கத்து அங்கத்தினர் வீட்டார் முறை எடுத்துக்கொண்டனர். மகள் அவர்களுக்குப் புரட்டும் முறையைக் கற்றுக் கொடுத்து, அட்டவணையில் அவர்களுக்கும் கட்டம் ஒதுக்கினாள். பராமரிப்பவர் சோர்ந்து விழுந்தால் பராமரிக்கப்படுபவரும் விழுவார். ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்று நாம் மேடைகளில் முழங்குவது இந்த இரவு இரண்டு மணிப் புரட்டலில்தான் பொருள் பெறுகிறது.

இத்தகைய நிலையிலிருந்து பெரும் பணிகளைச் செய்தோர் நம் நாட்டில் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கழுத்து நரம்பில் அடிபட்டுக் கைகால் இரண்டும் செயலிழந்தவர். 1981-இல் அவர் தம் ஊரிலேயே தொடங்கிய அமர் சேவா சங்கம், எண்ணற்ற மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியும் பயிற்சியும் தந்து வருகிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் அங்கத்தினருக்கு விருது எதுவும் வரப்போவதில்லை. ஆயினும் அவர் செய்ததும் அதே வகைக் காரியமே.

பேரவையில் ஒரு கேள்வி

2024-ஆம் ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்கு அவர் சாய்தளத்தில் தம் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏறி வந்தார். மகன் பின்னால் நடந்து வந்தார், தள்ளவில்லை. தலைவர் அவரை வாழ்த்திச் சில வார்த்தைகள் கூற முற்பட்டார். அவர் கையமர்த்தி, "வாழ்த்து இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது" என்றார்.

கேள்வி இதுதான். ஒரு சிட்டத்தில் 840 கஜம் நூல் இருக்க வேண்டும். கடந்த இரண்டு மாதமாக வந்த சிட்டங்களில் அவ்வளவு இல்லை. வீட்டிலிருந்த நாளெல்லாம் சிட்டத்திற்கு எத்தனை தார் தேறுகிறது என்று எண்ணி அவர் எழுதி வைத்திருந்தார். நெய்பவர்கள் அதைக் கவனிக்கவில்லை. தார் சுற்றும் பெண்கள் கவனித்தும் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர் எண்ணிக்கைக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். சங்கம் நூலை அளந்து பார்த்தது. குறைவு உண்மையே. நூல் தந்தவரிடமிருந்து ஈடு பெறப்பட்டது.

பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீங்கியிருந்தால், அந்தக் கேள்வியும் நீங்கியிருக்கும்.

இப்போது நாம் செல்லும் ஒவ்வொரு சங்கத்திலும், ரொக்கத்தையும் இருப்பையும் பார்க்குமுன் வாயிற்படிகளை எண்ணுகிறோம். வர இயலாமல் வீட்டில் இருக்கும் அங்கத்தினர் எத்தனை பேர் என்று காரியதரிசியைக் கேட்கிறோம். பலர் உடனே விடை கூற முடியாமல் திகைக்கின்றனர். அன்பர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இம்மாதமே அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். அனுதாபம் கொண்டு செல்ல வேண்டாம். அவர் முதுகில் புண் இருக்கிறதா என்று வீட்டாரைக் கேளுங்கள், இரவில் யார் எழுகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு சங்கக் காரியத்தைப் பற்றி அவருடைய யோசனையையும் கேளுங்கள்.